வீணாக்காதே (நிறுவல் கலை)

வீணாக்காதே என்பது சீனக் கலைஞர் சொங் டோங், தம் தாய் சாவோ சியாங்யுவானுடன் இணைந்து 2005 ஆம் ஆண்டில் உருவாக்கிய நிறுவல் கலைப் படைப்பாகும். தாய் பல பத்தாண்டுகளாக வீட்டில் சேர்த்துவைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களே இப்படைப்பாக அமைந்தன. ஒருவரின் முகத்தை வரையாமல், அவருடைய உடைமைகளைக் கொண்டே அவர் யார் என்று காட்டும் கலை வகைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

பெயர்

சீன மொழியில் இதன் பெயர் 'ஊ சின் சி யோங்'. எந்தப் பொருளையும் அதன் பயன் முழுவதும் தீரும்வரை பயன்படுத்த வேண்டும் என்பது இதன் பொருள். பற்றாக்குறைக் காலத்தில் வாழ்ந்த சீனத் தலைமுறையினர் இதை வாழ்க்கை நெறியாகவே கொண்டிருந்தனர்.

பின்னணி

சாவோ 1938 இல் பிறந்தவர். 1950களிலிருந்து சீனாவில் தானியம், எண்ணெய், துணி போன்றவை பங்கீட்டுச் சீட்டின் மூலமே கிடைத்தன. அதனால் துண்டுத் துணியைக்கூட எறியாமல் சேமிக்கும் பழக்கம் அவரிடம் வேரூன்றியது. தம் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உதவும் என்று சவர்க்காரக் கட்டிகளையும் சேர்த்துவந்தார். மகனுக்குத் திருமணமானபோது அவற்றைக் கொடுத்தார். சலவை இயந்திரம் இருப்பதால் தேவையில்லை என்று மகன் மறுத்துவிட்டார். ஆயினும் தாய் அவற்றை எறியாமல் மகனுக்காகவே வைத்திருந்தார்.

2002 இல் சொங் டோங்கின் தந்தை காலமானார். அதன்பின் தாயின் சேகரிப்பு அளவுகடந்து, வீடு முழுவதும் பொருட்கள் நிறைந்தன. பிள்ளைகள் வீட்டை ஒழுங்குபடுத்த முயன்றபோது அவர் மனம் வருந்தினார். கணவரின் மறைவால் ஏற்பட்ட வெறுமையையே தாய் பொருட்களால் நிரப்புகிறார் என்று மகன் உணர்ந்தார். பொருட்களை அகற்றாமல், அவற்றைத் தாயுடன் சேர்ந்து கலைப்படைப்பாக்க முன்வந்தார்.

காட்சியமைப்பு

இப்படைப்பு 2005 இல் பெய்ஜிங்கின் 798 கலை வட்டாரத்தில் முதன்முதலில் வைக்கப்பட்டது. பழைய வீட்டின் மரச்சட்டகம் நடுவில் நிறுத்தப்பட்டது. அதைச் சுற்றிலும் பாத்திரங்கள், காலணிகள், பொத்தான்கள், பொம்மைகள், நெகிழிப் புட்டிகள், புட்டி மூடிகள், தீர்ந்துபோன பற்பசைக் குழாய்கள், துணித் துண்டுகள் ஆகியவை வகைவாரியாகத் தரையில் அடுக்கப்பட்டன. தந்தையை நோக்கி, கவலைப்பட வேண்டாம், அம்மாவும் நாங்களும் நலமாக இருக்கிறோம் என்று கூறும் நியான் விளக்கு வாசகமும் இடம்பெற்றது.

பொருட்களைப் பிரித்து அடுக்கியதில் சாவோவும் பங்கேற்றார். காண வந்தவர்களிடம் ஒவ்வொரு பொருளின் கதையையும் கூறினார். அவர் வயதையொத்த பலர், தங்கள் வீட்டிலும் இதே பொருட்கள் உள்ளதாகச் சொல்லித் தம் நினைவுகளைப் பகிர்ந்துகொண்டனர். இதனால் ஒரு தாயின் உருவப்படமாகத் தொடங்கிய படைப்பு, ஒரு தலைமுறையின் உருவப்படமாகவும் விரிந்தது.

ஒத்த படைப்புகள்

உடைமைகளால் ஒருவரைச் சித்திரிக்கும் முறை புதிதன்று. வின்சென்ட் வான் கோ 1888 இல் பிரான்சின் ஆர்ல் நகரில் இரண்டு நாற்காலிகளை வரைந்தார். அவருடைய எளிய நாற்காலியில் புகைக்குழாயும் புகையிலையும் உள்ளன. நண்பர் பால் கோகானின் கைவைத்த நாற்காலியில் மெழுகுவர்த்தியும் புத்தகங்களும் உள்ளன. இரண்டிலும் ஆள் இல்லை. எனினும் இருவரின் இயல்பு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது பிரித்தானியக் கலைஞர் மைக்கேல் லாண்டியின் 2001 ஆம் ஆண்டுப் படைப்பு. இலண்டன் ஆக்சுபோர்டு தெருவில், தம் உடைமைகள் 7,227 ஐயும் பட்டியலிட்டு, இரண்டு வாரங்களில் அனைத்தையும் உதவியாளர்களுடன் பிரித்துச் சிதைத்தார். கடவுச்சீட்டும் தந்தையின் ஆட்டுத்தோல் மேலங்கியும்கூட விலக்கப்படவில்லை. உடைமைகள் போனபின் மனிதரிடம் எஞ்சுவது என்ன என்று லாண்டியின் படைப்பு கேட்டது. மனிதர் போனபின் உடைமைகளில் எஞ்சுவது என்ன என்ற கேள்வியை 'வீணாக்காதே' பின்னாளில் எதிர்கொண்டது.

தாயின் மறைவுக்குப் பின்

2009 தொடக்கத்தில் சாவோ காலமானார். அதே ஆண்டில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும், 2012 இல் இலண்டன் பார்பிகன் மையத்திலும் இப்படைப்பு வைக்கப்பட்டது. தாய் இல்லாத நிலையில், சொங் டோங் தம் சகோதரியுடனும் மனைவியுடனும் சேர்ந்து பொருட்களை அடுக்கினார். மகன் வேண்டாம் என்று மறுத்த அந்தச் சவர்க்காரக் கட்டிகளும் அவற்றுள் இருந்தன.