பெற்றோர் நடத்தும் பெற்றோர் பயிற்சி

பெற்றோர் நடத்தும் பெற்றோர் பயிற்சி என்பது, குழந்தை வளர்ப்பில் தடுமாறும் பெற்றோருக்கு, அதே பகுதியில் வாழும் வேறு பெற்றோர் முறையாகப் பயின்று வகுப்பு நடத்தும் முறையாகும். தென் இலண்டனில் உருவான ‘எம்பவரிங் பேரன்ட்ஸ், எம்பவரிங் கம்யூனிட்டீஸ்’ இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ‘பெற்றோருக்கும் சமூகத்துக்கும் வலுவூட்டல்’ என்பது இப்பெயரின் பொருள்.

பின்னணி

அடம், கடுங்கோபம், பிற குழந்தைகளை அடித்தல் போன்றவை நீடித்தால் குழந்தையின் படிப்பும் நட்பும் பாதிக்கப்படும். பெற்றோருக்குத் தரும் பயிற்சி இவற்றைக் குறைக்க உதவும். ஆனால் வறுமை மிகுந்த பகுதிகளில் பலர் வல்லுநர்களை நாடுவதில்லை. தங்கள் வளர்ப்பையே குறை சொல்வார்களோ என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். தம்மைப் போன்ற இன்னொரு தாயோ தந்தையோ சொல்லும்போது அந்தத் தயக்கம் குறைகிறது.

பயிற்சி முறை

வகுப்பு நடத்த முன்வரும் பெற்றோர் முதலில் தனியே பயிற்சி பெறுகின்றனர். பின்னர் இருவர் சேர்ந்து ஒரு குழுவை நடத்துகின்றனர், வல்லுநர்கள் மேற்பார்வையிடுகின்றனர். வாரம் 2 மணி நேரமாக 8 வாரங்கள் வகுப்பு நடைபெறும்.

குறையே இல்லாத பெற்றோர் எவரும் இல்லை என்பதே தொடக்கப் பாடம். குழந்தையின் உணர்வை ஏற்றல், சேர்ந்து விளையாடுதல், பாராட்டுதல், அடிக்காமல் கண்டித்தல், காதுகொடுத்துக் கேட்டல் ஆகியவை தொடர்கின்றன. எடுத்துக்காட்டாக, “நீ முரடன்” என்று முத்திரை குத்தாமல், “தம்பியைத் தள்ளியது தவறு” என்று செயலை மட்டும் சுட்டிக்காட்டப் பழகுகின்றனர். இவற்றை வகுப்பில் நடித்துப் பார்த்து, வீட்டில் செய்து, மறுவாரம் அனுபவத்தைப் பகிர்கின்றனர்.

ஆய்வு முடிவுகள்

இலண்டனின் சதர்க் பகுதியில் 116 குடும்பங்களிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயின. குலுக்கல் முறையில் 59 குடும்பங்கள் உடனே பயிற்சி பெற்றன. 57 குடும்பங்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. பயிற்சி பெற்ற குடும்பங்களில் குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்கள் கூடுதலாகக் குறைந்தன. பெற்றோரின் வளர்ப்புத் திறனும் மேம்பட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறுதிவரை தொடர்ந்தனர்.

வரம்புகள்

பெற்றோரின் மன அழுத்தத்தில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வேலையின்மை, வீட்டு நெருக்கடி போன்றவற்றை இப்பயிற்சியால் நீக்க இயலாது. கடுமையான வளர்ச்சிக் குறைபாடோ மனநலச் சிக்கலோ உள்ள குழந்தைக்கு மருத்துவ உதவி தேவை. எனினும், பயிற்சி பெற்ற பெற்றோர் அதே பகுதியிலேயே வாழ்வதால், வகுப்பு முடிந்த பின்னரும் அக்கம்பக்கத்தார் அவர்களை அணுகிக் கேட்க முடிகிறது.