கைவேலையும் வரலாற்றுப் பாடமும்: வீட்டுக் கல்வி காட்டும் ஒரு வழி

வரலாற்றுப் பாடம் சிறுவர் பலருக்குக் கசப்பதன் காரணம் ஆசிரியர் அறியாததன்று. அரசர் பெயரும், போர் நடந்த ஆண்டும், உடன்படிக்கையின் விதிகளும் ஏட்டில் வரிசையாக நிற்கின்றன. குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் அவை எட்டுவதில்லை. தேர்வு வரும்வரை நினைவில் தங்கி, தேர்வு முடிந்ததும் அகன்றுவிடுகின்றன. இக்குறையைப் போக்க, வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் பெற்றோர் பலர் ஒரு முறையைக் கையாளுகின்றனர். சில வாரங்களுக்கு ஒரே கருப்பொருளை எடுத்துக்கொண்டு, வரலாறு, நிலநூல், கணக்கு, கட்டுரை ஆகியவற்றை அதைச் சுற்றி அமைப்பதும், முன்னோர் செய்த தொழிலைப் பிள்ளைகளைக் கொண்டே கையால் செய்து பார்ப்பதும் அம்முறையாகும். அதன் பயன் யாது, அதில் மறைந்துள்ள இடர் யாது என்று ஆராய்வது, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்க்கும் நன்மை தரும்.

ஒரு மேசை, மூன்று வயது

வீட்டுக் கல்வி பெரிதும் வேரூன்றியுள்ள நாடு அமெரிக்கா. ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர் பள்ளிச் சீர்திருத்தத்தில் நம்பிக்கை இழந்து, 1977ஆம் ஆண்டில் வீட்டுக் கல்விக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். சமயப் பற்றுக் காரணமாகப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்க விரும்பியோரும் பின்னர்ப் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். 1993ஆம் ஆண்டுக்குள் அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் அது சட்டத்திற்கு உட்பட்டதாயிற்று. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் அங்குக் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெறவேண்டும். பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வையும் எழுதவேண்டும்.

வீட்டில் கற்பிக்கும் தாய்க்கு ஏற்படும் முதல் இடர்ப்பாடு வயது வேறுபாடு. ஏழு வயது, ஒன்பது வயது, பன்னிரண்டு வயது என மூன்று பிள்ளைகள் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க, மூவர்க்கும் மூன்று வரலாற்றுப் புத்தகங்களைத் தனித்தனியே நடத்த இயலாது. ஆகவே பொருள் ஒன்றாகவும், வேலை அவரவர் அளவுக்கு ஏற்றதாகவும் இருக்கவேண்டியதாயிற்று. கருப்பொருள் அலகு வீடுகளில் நிலைபெற்றதற்கு இதுவே பெருங்காரணம்.

முறையின் பழமை

இம்முறை வீடுகளில் தோன்றியதன்று. பள்ளியில் பிறந்து வீட்டிற்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் செருமனியில் வாழ்ந்த சில்லர் என்னும் கல்வியாளர், ஆண்டுதோறும் ஒரு கதையையோ வரலாற்றையோ நடுவே வைத்து, ஏனைய பாடங்களை அதனோடு பிணைக்க வேண்டும் என்றார். இரண்டாம் ஆண்டுக்கு அவர் தேர்ந்தது ராபின்சன் குரூசோவின் கதை. சிக்காகோ பல்கலைக் கழகத்தில் ஜான் டூயி 1896இல் தொடங்கிய சோதனைப் பள்ளியில், சமையல், தச்சு, நெசவு ஆகிய தொழில்கள் பாடத்தின் நடுவிடம் பெற்றன. 1918இல் கில்பாட்ரிக் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதிய கட்டுரை அக்கொள்கையை ஆசிரியர் உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையே நடுவாகக் கொண்டது. தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே கணக்கும் நிலநூலும் கற்ற தலைமுறை ஒன்று தமிழ்நாட்டிலும் இருந்தது.

எதிர்ப்பும் அன்றே எழுந்தது. இங்கிலாந்தில் வீட்டுக் கல்விக்கு வழிகாட்டிய சார்லட் மேசன் அம்மையார் (1842–1923), வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கென 1891இலேயே அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். அவருடைய மறைவுக்குப்பின் 1925இல் வெளிவந்த நூலில், ராபின்சன் குரூசோவைச் சுற்றி எல்லாப் பாடங்களையும் பின்னிய திட்டம் ஒன்றை அவர் கடிந்துரைக்கிறார். ஒரே கதையை எல்லாப் பாடங்களிலும் இழுத்துக்கொண்டு போனால் குழந்தை சலிப்படையும். மேலும் தொடர்புகளைக் கண்டுபிடிப்பவர் ஆசிரியராகிவிட, மாணாக்கனின் அறிவு சும்மா இருந்துவிடும் என்பது அவர் கருத்து. இந்தக் கண்டனம் இன்றும் எண்ணத்தக்கது. கருப்பொருளில் இயல்பாக உள்ள கணக்கையும் அறிவியலையும் எடுத்துக்கொள்க. இல்லாததை வலிந்து புகுத்தற்க. வாய்பாடும் இலக்கணமும் நாள்தோறும் தனியே பயில வேண்டியவை.

பஞ்சு கற்பித்த பாடம்

கைவேலை வரலாற்றைக் கற்பிக்கும் வகைக்குத் தெளிவான சான்று டூயியின் பள்ளியிலேயே உண்டு. பிள்ளைகளுக்குக் கம்பளி மயிரும், செடியிலிருந்து பறித்த கொட்டைப் பஞ்சும் கொடுக்கப்பட்டன. பழங்காலத்தில் பருத்தித் தொழில் கம்பளித் தொழிலுக்குப் பின்தங்கியது ஏன் என்பது கேள்வி. பிள்ளைகள் முப்பது நிமிடம் அமர்ந்து பஞ்சிலிருந்து கொட்டையைக் கையால் பிரித்தார்கள். கிடைத்த சுத்தமான பஞ்சு ஓர் அவுன்சுக்கும் குறைவு. ஓர் அவுன்சு 28 கிராம். பதினாறு அவுன்சு ஓர் இராத்தல். அரை மணிக்கு ஓர் அவுன்சு என்றே வைத்துக்கொண்டாலும், எட்டு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தால் ஓர் இராத்தல் தேறும். ஒரு நாள் உழைப்பு, ஓர் இராத்தல் பஞ்சு! இங்கே கணக்கு யாராலும் புகுத்தப்படவில்லை, வேலையிலிருந்தே எழுந்தது.

இன்னும் ஒன்றையும் அப்பிள்ளைகள் கண்டார்கள். பஞ்சின் இழை குட்டையானது, வழவழப்பானது. கம்பளி இழை நீண்டது, சொரசொரப்பானது. சொரசொரப்பான இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நூற்பது எளிது. முன்னோர் பருத்தியாடையைவிடக் கம்பளியாடையை மிகுதியாக அணிந்ததன் காரணத்தை அவர்கள் புத்தகத்தில் படித்து ஒப்பிக்கவில்லை; தம் விரலால் அறிந்தார்கள். கம்பளியைச் சிக்கெடுக்க ஆணி பதித்த பலகைகளையும், நூற்பதற்குத் துளையிட்ட கல்லையும், பிறகு கதிரையும் படிப்படியாகக் கண்டு செல்லும்போது, மனிதன் கருவி கண்ட வரலாறே அவர்கள் முன் விரிந்தது.

இச்சோதனை சிறந்ததற்குக் காரணம் யாது? வேலைக்கு முன் ஒரு கேள்வி இருந்தது. விடை முன்கூட்டியே தெரிந்திருக்கவில்லை. பிள்ளை தவறாக ஊகித்திருந்தால் தராசு அதைத் திருத்தியிருக்கும். வேலையின் பயனாக வந்த செய்தி, மீண்டும் வரலாற்றுக்கே கொண்டு சென்றது.

வேலை மிஞ்சிப் பாடம் மறைதல்

இதற்கு மாறானதும் உண்டு. வெர்ஜீனியா பல்கலைக் கழக உளநூலறிஞர் டேனியல் வில்லிங்காம் 2009இல் வெளியிட்ட நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அமெரிக்காவின் தென்மாநில அடிமைகள் வடக்கே தப்பியோட உதவிய மறைவான வழிகளும் வீடுகளும் ‘நிலத்தடி இருப்புப்பாதை’ எனப்பட்டன. அதைப் பற்றிய பாடத்தில் ஓர் ஆசிரியர் மாணாக்கரைப் பிஸ்கட் சுடச் செய்தார். தப்பியோடியவர்கள் உண்டது அதுவாம். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் மனம் நெடுநேரம் நின்றது மாவின் அளவிலும் அடுப்பின் சூட்டிலும்; அடிமைகளைப் பற்றி எண்ணிய நேரம் மிகச் சிறிது. மனம் எதை எண்ணிற்றோ அதுவே நினைவில் தங்கும் என்பது வில்லிங்காமின் முடிவு. ஆகவே அந்தப் பிள்ளைகள் கற்றது பிஸ்கட் சுடுதல்.

வீட்டுக் கல்வியிலும் பள்ளியிலும் நடக்கும் செயல்திட்டங்கள் பல இவ்வகையினவே. அட்டையில் கோட்டை கட்டுவதும், காகிதத்தில் முடி செய்து தலையில் சூட்டுவதும் கைத்திறனை வளர்க்கலாம். ஆனால் அவை எந்தக் கேள்விக்கும் விடை கூறுவதில்லை. சுவரில் தொங்கும் அழகிய வேலையைக் கண்டு கற்பித்தவர் மனநிறைவு கொள்கிறார். வரலாறு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

கை எட்டாத இடம்

கைவேலைக்கு எல்லையும் உண்டு. பஞ்சுப் பாடத்தையே மேலும் தொடர்வோம். கொட்டை பிரிக்கும் வேலை இத்துணைக் கடினமாயின், அதைச் செய்ய ஓர் எந்திரம் வந்தால் என்ன நேரும் என்று பிள்ளைகளைக் கேட்கலாம். உழைப்புக் குறையும், அடிமைகள் துன்பம் நீங்கும் என்றே பெரும்பாலோர் விடையளிப்பர். இந்தியாவில் உருளை வைத்த கைக்கருவி முன்பே இருந்தது. ஆயினும் அமெரிக்க உள்நாட்டில் விளைந்த பஞ்சின் குட்டை இழை கொட்டையோடு இறுக ஒட்டியிருந்ததால் அக்கருவி அங்குப் பயன்படவில்லை. 1793இல் எலி விட்னி அதற்கென ஓர் எந்திரம் அமைத்தார். பஞ்சு பிரிப்பது எளிதாயிற்று. இங்கிலாந்தின் ஆலைகள் எவ்வளவு பஞ்சு வந்தாலும் விழுங்கக் காத்திருந்தன. பருத்தி நிலம் மேற்கு நோக்கிப் பரந்தது. செடியிலிருந்து பஞ்சு எடுக்கவோ எந்திரம் இல்லை. 1790ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை, 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாக உயர்ந்தது. பிள்ளைகள் ஊகித்ததற்கு நேர்மாறு!

இந்த உண்மையைத் தராசு காட்டாது. குடிக்கணக்கும் ஆவணமும்தாம் காட்டும். அவற்றோடு, துன்புற்றவர் தாமே எழுதிய சொல்லும் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் உரிமையுள்ள குடிமகனாய்ப் பிறந்த சாலமன் நார்த்தப், 1841இல் கடத்தப்பட்டு லூசியானாவில் அடிமையாய் விற்கப்பட்டவர். 1853இல் மீண்டு வந்து அவர் எழுதிய நூலில், நாளொன்றுக்கு 200 இராத்தல் பஞ்சு எடுப்பது வழக்கமான அளவு என்றும், மாலையில் எடை குறைந்தால் கசையடி என்றும், எடை மிகுந்தால் மறுநாள் அளவு உயர்த்தப்படும் என்றும் குறிப்பிடுகிறார். தன் கையால் பஞ்சைத் தொட்ட பிள்ளை 200 இராத்தல் என்பதை வெறும் எண்ணாகப் படிக்கமாட்டான். கைவேலை செய்யக்கூடிய உதவி அதுவே.

அதற்கு அப்பால் செல்லலாகாது. பிள்ளைகளுள் ஒருவனை அடிமையாகவும் மற்றொருவனை ஆண்டையாகவும் நடிக்கச் செய்தால், கசையடி விளையாட்டாகிவிடும். தொழிலின் கடினத்தைக் கை அறியலாம். மானம் இழந்தவன் மனத்துயரை அரைமணி நடிப்பால் அறிந்துவிட்டதாகப் பிள்ளை எண்ணுவது வரலாற்றுக்கும் அந்த மக்களுக்கும் இழைக்கும் தீங்காகும்.

அலகை அமைக்கும் வகை

நான்கு வாரத்துக்கு ஓர் அலகு என வைத்துக்கொண்டால், முதல் வாரம் கேள்வியை எழுப்பிப் பிள்ளைகளின் ஊகங்களை எழுதி வைத்தல். இரண்டாம் வாரம் கைவேலையும் அளவெடுத்தலும். மூன்றாம் வாரம் ஆவணமும் படிப்பும். நான்காம் வாரம் எழுதுதலும் எடுத்துரைத்தலும் என வகுக்கலாம். ஏழு வயதுப் பிள்ளை எடைபோட்டுப் படம் வரையட்டும். ஒன்பது வயதுப் பிள்ளை நேரத்தையும் எடையையும் அட்டவணையில் குறிக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரு குடிக்கணக்குகளையும் ஒப்பிட்டுக் காரணம் எழுதட்டும்.

கருப்பொருள் முறையில் காலவரிசை சிதறிப்போகும் என்பது மெய்யான குறை. அதற்கு மேசன் அம்மையாரின் பள்ளிகளில் வழங்கிய நூற்றாண்டு ஏடு நல்ல மருந்து. நூற்றாண்டுக்கு ஓர் இடமாக ஒதுக்கிய ஏட்டில், தான் கற்ற ஒவ்வொன்றையும் அதற்குரிய காலத்தில் பிள்ளையே வரைந்து எழுதுவான். ஏடு ஆண்டுதோறும் தொடரும். அலகுகள் மாறினாலும் காலம் ஒழுங்காக நிற்கும். தேர்வுத்தாளுக்குப் பதிலாக, கற்றதைப் பிள்ளை தன் சொல்லில் முழுமையாக எடுத்துரைக்கச் செய்வதும் அவர் வகுத்த வழியே. அவ்வாறு உரைக்கையில் பிள்ளை பஞ்சைப் பற்றிப் பேசுகிறானா, பசையைப் பற்றிப் பேசுகிறானா என்று கேட்டாலே, அலகு வென்றதா தோற்றதா என்பது விளங்கிவிடும்.

மலேசியப் பள்ளிகளுக்கு

வயது வேறுபட்ட பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் இடர்ப்பாடு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. மாணவர் தொகை குறைந்த தமிழ்ப் பள்ளிகளில் இரு வகுப்புகளை ஒன்றாக இணைத்து நடத்தும் ஆசிரியர் அதை நன்கறிவர். அவர்க்கு அருகிலேயே ஒரு கருப்பொருள் உண்டு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அட்டையில் இரப்பர் மரம் ஒட்டுவது எளிது. ஆனால் பால் வெட்டுவோர் பொழுது விடியுமுன் எழுந்து சென்றது ஏன் என்று கேட்டுப் பாருங்கள். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பால் ஒழுக்கும் குறைகிறது. வெவ்வேறு பொழுதில் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை அளந்தால் பிள்ளைகளே அதைக் காணலாம். பிறகு, அந்த விடியற்பொழுதில் வீட்டிலிருந்த குழந்தைகளை யார் பார்த்தார், கூலி எவ்வளவு, ஊரிலிருந்து கப்பலேறி வந்தது எந்த ஆண்டு என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் செய்யலாம்.

இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்துவிட்டன. அந்த விடியற்காலையை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கேள்வியோடு செல்லும் மாணாக்கர்க்கு அவர்கள் விடை சொல்லக் காத்திருக்கிறார்கள். அடுத்த பள்ளித் தவணையில் ஓர் அலகையேனும் அவ்வாறு அமைப்பது ஆசிரியர் கடன்.