அடி ஒரு நாள், ஆபத்து பதினாலு நாள்! தெரியுமா?

விடியுமுன்னே பிச்சிப்பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு தோவாளைச் சந்தைக்குப் பறக்கும் பைக்குகளைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு பதறும். பலர் தலையில் ஹெல்மெட் இருக்காது.

தலையில் பலத்த அடி பட்டால் கண்டம் அன்றைக்கே கழிந்துவிடாது, தெரியுமா? ஸ்கேன் எடுத்தாச்சு, ஆள் கண் முழிச்சாச்சு என்று வீட்டார் மூச்சு விடும் மூன்றாம், நான்காம் நாளில்தான் மூளைத் தமனிகள் இறுகத் தொடங்கலாம்! இரண்டு வாரம் வரை இந்தப் பயம் உண்டு.

காரணம், அடியில் கசிந்த ரத்தமேதான்! மூளைச் சவ்வுக்கடியில் அது தேங்க, சிவப்பணுக்கள் நாளடைவில் உடைந்து ஹீமோகுளோபின் வெளியேறுகிறது. தமனியைத் தளர்வாக வைத்திருக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது தின்றுவிடுகிறது. உடனே தமனிச் சுவரின் தசை முறுக்கிக்கொள்கிறது. குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதானே நினைப்போம்? கணக்குப்படி 16-ல் ஒரு பங்காகிவிடும்! உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு 20 சதவீத ஆக்சிஜனைக் கேட்கும் மூளை இதை எப்படித் தாங்கும்? தோவாளை சானலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் காய்வதுபோல, தமனியின் கடைசிக் கிளைகளை நம்பிய பகுதி வாடிவிடும்.

மண்டையைத் திறக்காமலே இதைப் பிடித்துவிடலாம் என்பது தெரியுமா? நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லிசு. அங்கே டாப்ளர் ஒலியலைக் கருவியை வைத்து உள்ளே ஓடும் ரத்தத்தின் வேகத்தை அளக்கலாம் என்று 1982-ல் காட்டினார் நார்வேக்காரர் ரூனே ஆஸ்லிட். ரத்தத்தின் அளவு குறைந்தாலும், இறுகிய இடத்தில் அது சீறிப் பாயும்! நடுப் பெருமூளைத் தமனியில் நொடிக்கு 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கவேண்டிய வேகம் 120-ஐத் தாண்டினால் சந்தேகம். 200-ஐத் தாண்டினால் கடுஞ்சுருக்கம்.

மருந்து? மூளைத் தமனி வீக்கம் வெடித்தவர்களுக்குக் கைகொடுக்கும் நிமோடிபின், அடிபட்டவர்களுக்கும் அதே பலனைத் தரும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. கண்காணிப்புதான் பெரிய காவல்.

2021-ல் வந்த ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழக அரசே ஏற்கிறது. எத்தனை பெரிய காரியம்! ஆனால் தமனி இறுகுவது பெரும்பாலும் அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகுதான். ஆகவே, டாக்டர் சொல்லுமுன் ஆளை வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ, தூக்கம் அசத்தினாலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 108-ல் விரையுங்கள். பைக்கில் ஏறுமுன் ஹெல்மெட்டை மாட்டி, வாரையும் இறுக்குங்கள், மக்களே!