கசகசாப் பால்: அச்சமும் சான்றும்

கசகசாச் செடியின் பசுங்காயைப் பிற்பகலில் கீறிவிட்டால், அதிலிருந்து வடியும் வெண்பால் மறுநாள் விடியலுக்குள் பழுப்பேறிக் கெட்டிப்படும். அதுவே அபின். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசின் உரிமம் பெற்ற உழவர்கள் இதனை விளைவிக்கின்றனர். புற்றுநோயின் கொடுவலியைத் தணிக்கும் மார்பின் இப்பாலில் உள்ளது. எண்ணற்றோரைத் தளையிட்ட ஹெராயினும் அந்த மார்பினிலிருந்தே ஆக்கப்படுகிறது. எவருக்கு, எவ்வளவு, எவ்வாறு தருவது என்பதை மருத்துவச் சான்றே வகுத்துரைக்க வல்லது. அச்சம் மட்டும் கோலோச்சிய இடங்களிலோ வலியால் துடித்தவரும் போதைக்கு ஆட்பட்டவரும் ஒருங்கே கைவிடப்பட்டனர்.

மூளையின் நரம்பணுக்களில் அபின்வகைப் பொருள்கள் வந்து பற்றும் ஏற்பிகள் உள்ளன என்பது 1973ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. மார்பின் அவ்வேற்பிகளில் அமரும்போது வலிச்செய்தி மங்குகிறது. அளவு மீறினால் மூச்சு ஒடுங்குகிறது. நாள்தோறும் ஹெராயின் கொள்பவரின் நரம்பணுக்கள் அதற்கேற்பத் தம் இயக்கத்தை மாற்றிக்கொள்கின்றன. அப்பொருள் திடீரென நின்றால் உடலே கிளர்ந்தெழுகிறது: கொட்டாவி, மயிர்க்கூச்சு, வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழியும் நோவு. மனவுறுதி இல்லாதவர் என்று இவரைப் பழிப்போர் இவ்வுடலியல் உண்மையை அறியாதவர்.

வலியின் பக்கத்தை முதலில் காண்போம். இந்தியாவில் 1985ஆம் ஆண்டு இயற்றப்பட்ட போதைப்பொருள் சட்டத்துக்குப் பின், ஒரு மருத்துவமனை மார்பின் வாங்குவதற்குப் பல உரிமங்களை ஒரே காலத்தில் நடப்பில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் 573 கிலோகிராமாக இருந்த மார்பின் பயன்பாடு 1997இல் 18 கிலோகிராமாகச் சுருங்கிற்று. அபின் விளையும் நாட்டிலேயே அதன் மருந்து நோயாளிக்கு எட்டாக்கனியாயிற்று.

இந்நிலையில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவர்தம் தோழர்களும் வலி தணிப்பு அமைப்பொன்றைத் தொடங்கினர். அவர்கள் கைக்கொண்ட முறை எளியது. நோயாளி வீட்டிலேயே இருப்பார். காலை 6 மணி, 10 மணி, பகல் 2 மணி, மாலை 6 மணி என நான்கு மணிக்கொருமுறை மார்பின் மாத்திரை. இரவு 10 மணிக்கு மட்டும் இருமடங்கு. நள்ளிரவில் அவரை எழுப்ப வேண்டாம் என்பதற்காக. மார்பின் மலச்சிக்கலை உண்டாக்கும் என்பதால் அதற்கான மருந்தும் உடன் செல்லும். இம்முறையில் வீட்டிலிருந்தே மார்பின் பெற்ற 1723 பேரை ஈராண்டுகள் கண்காணித்த ஆய்வு, 2001ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. மருந்து தவறாகப் பயன்பட்டதாகவோ வெளியே கடத்தப்பட்டதாகவோ ஒரு நிகழ்வும் அதில் காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் அந்த 1985ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையா வலிமருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே நெறிமுறை அமைய வழிசெய்தது.

இனி, போதைக்கு ஆட்பட்டோரின் பக்கம். நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் ஹெராயினுக்கு ஆட்பட்ட 22 பேருக்கு நாள்தோறும் மெத்தடோன் என்னும் மாற்றுமருந்து அளித்து, அவர்கள் இயல்பு வாழ்வுக்குத் திரும்புவதை 1965இல் எழுதிக்காட்டினர். பின்னர் வந்த பியூப்ரெனார்பின் இன்னும் நுட்பமானது. அது ஏற்பியை இறுகப் பற்றும். ஆயினும் அரைகுறையாகவே இயக்கும். ஆதலால் உடலின் தவிப்பு அடங்கும். மூச்சை ஒடுக்கும் ஆற்றலோ ஓர் எல்லைக்குமேல் ஏறாது. உடலில் ஹெராயின் நிறைந்திருக்கும்போதே இதைக் கொடுத்தால், ஹெராயினை ஏற்பியிலிருந்து தள்ளிவிட்டுப் பெருந்தவிப்பை மூட்டிவிடும். எனவே கொட்டாவியும் மயிர்க்கூச்சும் தோன்றும்வரை மருத்துவர் பொறுத்திருந்தே முதல் வேளையைத் தருவார். நம் நாட்டின் மாற்றுமருந்து மையங்களில் செவிலியர் மாத்திரையைப் பொடித்து நாவின்கீழ் இட்டு, அது கரையும்வரை அருகிருந்து பார்க்கிறார். விழுங்கினால் கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும்.

1990களின் நடுவில் பிரான்சு நாடு, எந்தப் பொதுமருத்துவரும் தனிப்பயிற்சியின்றியே இம்மருந்தை எழுதித்தர இசைந்தது. 1995க்கும் 1999க்கும் இடையில் அங்கு மிகையளவால் நேர்ந்த இறப்புகள் 79 விழுக்காடு குறைந்தன. சிலர் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட தீங்கும் நிகழ்ந்தது. ஆயினும் காக்கப்பட்ட உயிர்களின் முன் அத்தீங்கு சிறிது. அமெரிக்காவிலோ இதை எழுதித்தர மருத்துவர் தனி இசைவு பெற வேண்டும் என்னும் கட்டுப்பாடு 2022 இறுதிவரை நீடித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் மிகையளவால் மாண்டோர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

அதே அமெரிக்காவில் அபின்வகை மாத்திரைகள் நாட்பட்ட முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் வரைமுறையின்றி எழுதித் தரப்பட்டன. அவ்வலியுடைய 240 முன்னாள் படைவீரர்களை ஓராண்டு ஆராய்ந்து 2018இல் வெளியான முடிவு, அவை பிற வலிமருந்துகளைவிடச் சிறந்தவை அல்ல என்று காட்டியது. புற்றுவலிக்கு 'கொடு' என்று சொல்லும் சான்று, முதுகுவலிக்கு 'பொறு' என்கிறது. சான்றைப் பின்பற்றுவோர் இவ்விரு சொல்லையும் ஒருசேர ஏற்க வேண்டும்.

அறிவு பல பத்தாண்டுகளாக நம் கையில் இருக்கிறது. நோயாளியின் வீட்டுவாயிலுக்கு மிக அருகிலுள்ள மருத்துவருக்கு அதைக் கற்பிப்பதும், அவர் கையில் மருந்தைச் சேர்ப்பதுமே எஞ்சிய பணி. இரவு 10 மணி மாத்திரையால் விடியும்வரை உறங்கும் புற்றுநோயாளிக்கும், காலையில் நாவின்கீழ் மருந்து கரைந்தபின் வேலைக்குப் புறப்படும் இளைஞருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அது.