வைகைக் கரையில் ஒரு வகுப்பு

மதுரையில் வளரும் ஒரு பிள்ளையை அழைத்து, "வைகை எங்கே உற்பத்தியாகிறது?" என்று கேட்டால், "வருஷநாட்டு மலையில்" என்று தட்டுத் தடங்கலின்றிச் சொல்லிவிடும். "நம் ஊரில் அது எப்படி இருக்கிறது?" என்று கேட்டாலோ, மூக்கைப் பிடித்துக் காட்டும். இரண்டு விடைகளும் சரியானவையே. முதலாவதைக் கற்பித்தது புஸ்தகம். இரண்டாவதைக் கற்பித்தது ஆறு. இவற்றுக்கு நடுவே கிடக்கும் நெடிய சரித்திரத்தை யார் கற்பிப்பது?

அக்காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டவர்களில் 'பசுமை நடை' அன்பர்களை முதலில் சொல்லவேண்டும். மதுரையைச் சுற்றிலும் உள்ள குன்றுகளைக் கல் வெட்டுவோர் விழுங்கி வந்த சமயத்தில், 2010ஆம் வருஷம், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் இதைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடுவார்கள். சமணர் படுக்கை, பழங்கோயில், கண்மாய்க்கரை என்று எங்கேனும் ஓரிடத்துக்கு நடப்பார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டின் எதிரிலேயே நின்று அதைப் படித்து விளக்குவார்கள். பரீட்சை கிடையாது, ஆகையால் கேட்டது மறப்பதும் இல்லை!

இவர்கள் கால் பதித்த இடங்களில் கீழடியும் ஒன்று. அவ்வூரின் கதையில் உபாத்தியாயர்களாகிய நமக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. 1970களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழம்பொருள்களை மாணாக்கர் காட்ட, அவற்றின் மதிப்பை உணர்ந்து சர்க்காருக்குத் தெரிவித்தவர் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியரே. பிறகு நாற்பது வருஷ மௌனம். 2013-14இல் மத்தியத் தொல்லியல் துறையினர் வைகையின் இரு கரைகளையும் ஆராய்ந்து 293 இடங்களில் பழமையின் தடயங்களைக் கண்டனர். 2015இல் கீழடியில் மண்வெட்டி விழுந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த பொருளின் காலம் கி.மு. 580 என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டது. 2023 முதல் அங்கே அழகியதொரு அருங்காட்சியகமும் இருக்கிறது.

நம் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றபோது, சுடுமண் உறைகிணற்றின் முன் ஒரு மாணவி நின்றுவிட்டாள். "ஐயா, பக்கத்திலேயே ஆறு இருக்கும்போது கிணறு எதற்கு? அந்தக் காலத்திலேயே வைகை வறண்டு போகுமோ?" என்றாள். இப்படிப்பட்ட கேள்வி கரும்பலகையின் முன் பிறப்பதில்லை.

வைகையோ, வெள்ளத்தால் புகழ் பெற்ற ஆறு. 1918இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த பரிபாடலில், நமக்குக் கிடைத்த இருபத்திரண்டு பாடல்களில் எட்டு வையையைப் பற்றியவை. புதுப்புனலும் நீராட்டுமே அவற்றில் நிறைந்திருக்கின்றன. பிட்டுக்கு மண் சுமந்த கதையும் உடைப்பெடுத்த கரையின் கதைதானே? அந்த ஆற்றில் இன்று அழகர் இறங்குவதற்கே அணையைத் திறந்து ஜலம் விடவேண்டியிருக்கிறது. 1895இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பெரியாற்று நீரும் வைகையில்தான் கலக்கிறது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்டது. நாம் குடிக்கும் நீரில் இன்னோர் ஆறும் கலந்திருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி. பெற்றோர் சிலருக்கும் அப்படித்தான்!

பழமையைப் பார்த்துக் களிப்பதோடு நின்றுவிட்டால் பாதிப் பாடமே முடிந்ததாகும் என்பது நமது அபிப்பிராயம். ஆகவே ஒரு சனிக்கிழமை, நகரத்துக்குள் கரையோரமாக நடந்து, ஆற்றில் விழும் சாக்கடைகளை எண்ணச் சொன்னோம். இரு கை விரல்களும் போதவில்லை. கீழடியில் வாய் ஓயாத பிள்ளைகள் அன்று அதிகம் பேசவில்லை.

மனத்துக்கு ஆறுதலான இடமும் உண்டு. திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர்த் தெப்பக்குளம், நெடுங்காலம் வறண்டு, சிறுவர்கள் பந்தாடும் மைதானமாகக் கிடந்தது. பனையூர்க் கால்வாயைச் செப்பனிட்டபின் வைகை நீர் மறுபடியும் அதில் வந்து நிறைந்தது. குளத்தைப் பார்த்தவர்கள் பலர். அதற்கு நீர் வரும் வழியைப் பார்த்தவர்கள் சிலரே. அக்கால்வாயின் தலைப்பு வரையில் நடந்து பார்த்துவிடவேண்டும் என்று நமது மாணாக்கர் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். வருகிற ஞாயிறு புறப்படுவதாக ஏற்பாடு. இன்னும் ஐந்து வீடுகளிலிருந்து சம்மதக் கடிதம் வரவேண்டியிருக்கிறது.