பெயர் சூட்டும் புரோகிதரின் பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

குழந்தை பிறந்துவிட்டது. ஆணா பெண்ணா என்று கேட்டாகிவிட்டது. யார் ஜாடை என்று பாட்டிமார்கள் பேசித் தீர்த்தாகிவிட்டது. அடுத்த கேள்வி, "என்ன பெயர்?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நாளே பெயர் சூட்டு விழா. சில குடும்பங்களில் 11-ம் நாள் புண்ணியாகவாசனம் செய்து பெயர் வைப்பார்கள். சிலர் 16-ம் நாள் வைப்பார்கள். 30-ம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் சூட்டுகிறவர்களும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் பெயர் சொல்லி அழைப்பார். முஸ்லிம் குடும்பங்களில் 7-ம் நாள் தலைமுடி இறக்கிப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. கட்சித் தலைவரின் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயர் வைக்கச் சொல்வதும் தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம்.

இருந்தாலும் புரோகிதரை அழைக்கும் வீடுகள் ஏராளம். அவருக்கு இது தொண்டு மட்டுமல்ல, தொழிலும்கூட. இந்தத் தொழில் சரியாக நடக்க மந்திரம் மட்டும் தெரிந்தால் போதாது. சில கருவிகளும் வேண்டும்.

பஞ்சாங்கம்

முதல் கருவி பஞ்சாங்கம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து அங்கங்களைச் சொல்வதால் அதற்கு அந்தப் பெயர். நட்சத்திரங்கள் 27. ஒவ்வொன்றுக்கும் 4 பாதங்கள். ஆக 108 பாதங்கள். ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து உண்டு. அசுவினிக்கு சு, சே, சோ, லா என்பவை. அந்த எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று. திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்று. இரண்டிலும் நட்சத்திரம் மாறும் நேரம் ஒன்றாக இராது. ஒன்றில் மூன்றாம் பாதம் என்றால், மற்றொன்றில் நான்காம் பாதமாக இருக்கலாம். எழுத்தே மாறிவிடும். ஆகவே, "உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் பார்ப்பது வழக்கம்?" என்று முதலிலேயே கேட்பவர்தான் அனுபவசாலி.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். பஞ்சாங்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். ஆஸ்பத்திரிக் கணக்கில் நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும். செவ்வாய்க்கிழமை அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தை, பஞ்சாங்கப்படி திங்கட்கிழமைக் குழந்தை! ஜாதகத்தில் ஒரு கிழமையும் சர்டிபிகேட்டில் ஒரு கிழமையும் இருப்பதைப் பார்த்துப் பிற்பாடு வீட்டார் திகைப்பதற்கு இதுவே காரணம்.

சாமான் சீட்டு

இரண்டாவது கருவி சாமான் சீட்டு. மஞ்சள், குங்குமம், சந்தனம், வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ, மாவிலை, பச்சரிசி, தாம்பாளம், கலசத்துக்கு ஒரு செம்பு. வீட்டார் வாங்க வேண்டியவை இவை. தர்ப்பை, பவித்திரம், பஞ்சபாத்திரம் எல்லாம் புரோகிதர் தம் பையிலேயே கொண்டு வருவார். சீட்டை இரண்டு நாள் முன்பே கொடுத்துவிட்டால், விழா நேரத்தில் மாவிலைக்காகப் பையன்கள் தெருத் தெருவாக ஓட வேண்டியதில்லை.

பழைய சீட்டில் உள்ள ஒரு பொருளை இன்று எடுத்துவிட வேண்டும். அது தேன். சிசுவின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒரு வயது முடியும்வரை தேன் கொடுக்கவே கூடாது என்கிறார்கள் டாக்டர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கக்கூடும். முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். ஹோமப் புகையும் சிசுவுக்கு ஆகாது. தாயையும் பிள்ளையையும் காற்றோட்டமாக உட்கார வைப்பது நல்லது.

டைரியும் செல்போனும்

சுப நாளில் மூன்று நான்கு வீடுகள் அழைக்கும். எந்த வீடு, எந்தத் தெரு, எத்தனை மணி என்று டைரியில் குறித்து வைக்காவிட்டால் ஒரு வீட்டில் காத்திருப்பார்கள். இன்னொரு வீட்டில் மந்திரம் நடக்கும்! திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம். அதையும் ஒதுக்கித்தான் நேரம் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தை இப்போது செல்போன் திரையில் விழாவைப் பார்க்கிறார். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதையும் சொல்லிவிடுவது புரோகிதரின் வேலையாகிவிட்டது.

தட்சிணை எவ்வளவு, சாமான் அதில் சேர்ந்ததா, கூட வருபவருக்குத் தனியா என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். முன்னால் பேசினால் சங்கடம் ஒரு நிமிஷம். பேசாமல் விட்டால் மனஸ்தாபம் பல நாள்.

எல்லாவற்றிலும் பெரிய கருவி

எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி ஒன்று உண்டு. அது ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்தான்!

பச்சரிசியைத் தாம்பாளத்தில் பரப்பி, தங்க மோதிரத்தால் பெயரை எழுதுகிறார்கள். குழந்தையின் வலது காதில் மூன்று முறை சொல்கிறார்கள். ஆனால் சொல்வது ஒரு பெயரா? தாத்தாவின் பெயர் ஒன்று. நட்சத்திர எழுத்துக்கு ஒன்று. ஆசையாய்க் கூப்பிட ஒன்று. மூன்றில் எது பிறப்புச் சான்றிதழில் ஏறப்போகிறது? அதை அன்றே யாரும் முடிவு செய்வதில்லை.

விளைவு என்ன? சான்றிதழில் பெயர் இடம் காலியாகவே கிடக்கிறது. அல்லது அவசரத்தில் யாரோ சொன்ன பெயர் ஏறிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும் நாளில்தான் வீட்டாருக்கு அது தெரிய வருகிறது.

சட்டம் சொல்வது இதுதான். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிவு செய்யலாம். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒரு முறை ஏறிய பெயரை நினைத்தபடி மாற்றுவது எளிதல்ல.

2023 அக்டோபர் 1 முதல் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தத் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், அரசு வேலை ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அந்த ஒரு தாளின் மதிப்பு இப்போது எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள்!

ஆகவே, விழா முடிந்ததும் தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக் கொடுப்பது நல்லது.

1. பெயர், தமிழில்.

2. அதே பெயர், ஆங்கில எழுத்தில். ழகரத்துக்கு ஒரே எழுத்துப் போடுகிறவர்களும் உண்டு; இரண்டு எழுத்துச் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு. எது என்று அன்றே முடிவு செய்ய வேண்டும்.

3. இனிஷியல்.

4. தாய், தந்தை பெயர்கள், அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியே.

5. பிறந்த தேதி, நேரம், ஆஸ்பத்திரி.

"சாமி, பேரு வச்சாச்சு. இனிமே என்ன?" என்று பாட்டி கேட்பார்.

"இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கு, அம்மா. இந்தத் தாளை உங்க மகன்கிட்ட கொடுங்க. பிறப்பைப் பதிவு செஞ்ச ஆபீசுக்கு இந்த வாரமே போகச் சொல்லுங்க" என்று சொல்லும் புரோகிதரை அந்தக் குடும்பம் அடுத்த பேரனுக்கும் அழைக்கும்.

அரிசியில் எழுதிய பெயர் சற்று நேரத்தில் கலைந்துவிடும். அரிசியும் புரோகிதரின் பைக்குப் போய்விடும். பதிவேட்டில் எழுதிய பெயர்தான் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கும் வேலைக்கும் போகும்போது உடன் வரும். அதைச் சரியாக எழுதி வைப்பது பெற்றோர் கடமை. அதை நினைவூட்டுவது பெயர் சூட்டியவர் கடமை.