கோல்ப் பந்தடியும் பழக்கத் திருத்தமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடையே அமைந்த பாலக்காட்டுக் கணவாயின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கிப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் கேரள மாநில மின்சார வாரியம் காற்றாலைகளை நிறுவியதற்கு இக்காற்றே காரணமாகும். இக்காற்றின் பாதையிலேயே, கணவாய்க்குக் கிழக்கில், கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் 18 குழிகள் கொண்ட கோல்ப் திடல் ஒன்று உள்ளது. இத்தகைய திடலில் புதிதாகப் பயிலும் ஒருவர் அடித்த பந்து வலப்புறம் வளைந்து செல்லுமாயின், அவர் முதலில் காற்றையே குறை கூறுவது இயல்பு. அதற்கு ஈடுசெய்யும் பொருட்டு அவர் சற்று இடப்புறம் திரும்பி நின்று அடிக்கிறார். பந்து முன்னிலும் மிகுதியாக வலப்புறம் வளைகிறது. அவர் இன்னும் இடப்புறம் திரும்புகிறார். சில வாரங்களில் இதுவே அவருடைய நிலைத்த பழக்கமாகிவிடுகிறது.

பந்தடியில் காணப்படும் தீய பழக்கங்களுட் பல இவ்வாறு தோன்றியவையே. அவை சோம்பலாலோ கவனக்குறைவாலோ வருவன அல்ல. காரணத்தைத் தவறாக அறிந்து செய்துகொண்ட பரிகாரங்களே அவை. ஆகவே காரணத்தைச் சரியாக அறிவதே திருத்தத்தின் முதற்படி.

பந்து வளைவது ஏன்?

விதிகளின்படி கோல்ப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மிகாமலும், அதன் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். மட்டையின் முகம் இப்பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் 2,000இல் ஒரு பங்கேயாகும். அந்நேரத்திற்குள் பந்தின் வேகம், திசை, சுழற்சி ஆகிய யாவும் முடிவாகிவிடுகின்றன. பந்தின் பயணத்தில் சுழற்சிக்குள்ள பங்கினை எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. ஜி. டெயிட் 1890களில் ஆராய்ந்து விளக்கினார்.

மட்டை வீசப்படும் பாதையை ஒட்டியே பந்து புறப்படும் என்று பழைய பயிற்சி நூல்கள் பல கற்பித்தன. பிற்காலத்தில் ரேடார் கருவிகளைக் கொண்டு அளந்தபோது இது சரியன்று எனத் தெரிந்தது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் நோக்கும் திசையே. முகத்தின் திசைக்கும் வீச்சின் பாதைக்கும் இடையேயுள்ள வேறுபாடு பந்தின் சுழலச்சைச் சாய்த்து, வளைவை உண்டாக்குகிறது. வலக்கை ஆட்டக்காரரின் மட்டை வலமிருந்து இடமாகக் குறுக்கே வெட்டிச் செல்ல, முகம் அப்பாதைக்கு வலப்புறம் திறந்திருந்தால், பந்து வலப்புறம் வளையும். இடப்புறம் திரும்பி நிற்பவர் தம் வீச்சின் பாதையை மேலும் இடப்புறம் சாய்க்கிறார். அவருடைய கைகளோ முகத்தைக் கொடியை நோக்கியே பிடித்திருக்கின்றன. இதனால் வேறுபாடு பெருகுகிறது. வளைவும் உடன் பெருகுகிறது.

காரணத்தை அறியும் மூன்று சோதனைகள்

முதலாவது, காற்றைப் பற்றியது. பத்துப் பந்துகளை ஒரு திசையிலும், பின்னர் பத்துப் பந்துகளை அதற்கு நேர் எதிர்த் திசையிலும் அடிக்கச் செய்தல் வேண்டும். குறுக்குக்காற்றே காரணமாயின், திசை மாறியதும் பந்து விலகும் பக்கமும் மாறும். இரு திசைகளிலும் ஆட்டக்காரரின் வலப்பக்கமே வளையுமாயின் குற்றம் வீச்சினுடையது. எதிர்க்காற்று வளைவைப் பெருக்கிக் காட்டும். பின்காற்று அதனைக் குறைத்துக் காட்டும். ஒரே பிழை ஒரே நாளில் இருவேறு அளவில் தோன்றுவது இதனாலேயே.

இரண்டாவது, மட்டையின் முகத்தில் சுண்ணக்கட்டித் தூளை மெல்லியதாகப் பூசி அடித்துப் பார்த்தல். பந்து பட்ட இடம் தூளில் பதிந்துவிடும். அது நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால், வேகம் வீணாவதற்கான காரணம் கண்கூடாகத் தெரியும்.

மூன்றாவது, மணலில் ஒரு கோடு கிழித்து, அக்கோட்டின் மேல் பந்து இருப்பதாகக் கருதி இரும்பு மட்டையை வீசுதல். மட்டை மண்ணைத் தொடும் இடம் கோட்டிலோ, கோட்டைத் தாண்டி இலக்கின் பக்கத்திலோ அமைதல் வேண்டும். கோட்டிற்குப் பின்னே மண் பெயருமாயின், உடலின் பாரம் பின்காலிலேயே தங்கிவிட்டது எனக் கொள்ளலாம். பந்தை மேலே தூக்கிவிட வேண்டுமென்ற முயற்சியே இதற்குப் பெரும்பாலும் காரணம். இதுவும் தவறான பரிகாரமே. மட்டையின் முகம் சாய்வாக அமைக்கப்பட்டிருப்பதால், தூக்கும் வேலையை அதுவே செய்துவிடும்.

கண்டிப்பதால் பயனில்லாமை

மட்டையை மேலிருந்து இறக்கிப் பந்தைத் தொடுவதற்குத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஏறத்தாழ கால் விநாடியே ஆகிறது. கண்ணால் கண்டதற்கு ஏற்பக் கை அசையத் தொடங்குவதற்கே சுமார் 0.2 விநாடி தேவைப்படுகிறது. எனவே வீச்சின் நடுவில் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ள இயலாது. "அப்படிச் செய்யாதே" என்று கூறுவது அந்நேரத்தில் உடலுக்கு எட்டுவதில்லை.

பழக்கம் சொற்களால் அமைவதன்று என்பதற்கு மருத்துவச் சான்றும் உண்டு. மூளை அறுவைச் சிகிச்சைக்குப்பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவில் வைக்க இயலாத ஒருவர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் முன்னேறியதைப் பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் 1962இல் வெளியிட்டார். முந்திய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கையோ அதனைக் கற்றிருந்தது. இவ்வாறு பதிந்த பழக்கத்தை எளிதில் அழிக்க முடியாது. அதன் அருகே புதிய பழக்கம் ஒன்றை வளர்த்து வலுப்படுத்துவதே வழி.

திருத்தும் முறை

வலப்புற வளைவுக்கு முதலில் பிடியைக் கவனித்தல் வேண்டும். குனிந்து பார்க்கும்போது இடக்கையின் இரண்டு அல்லது மூன்று விரல் மூட்டுகள் தெரியுமாறு பிடித்தால், முகம் அளவுக்கு மேல் திறப்பது குறையும். அடுத்து, பந்துக்கு அப்பால் சற்றுப் பின்னே வெற்று அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதில் மட்டை படாதவாறு வீசச் செய்யலாம். குறுக்கே வெட்டும் மட்டை பெட்டியை இடித்துத் தானே பிழையைத் தெரிவித்துவிடும்.

தொடக்கத்தில் வீச்சு இடுப்பளவே இருக்கட்டும். வேகமும் குறைவாக இருக்கட்டும். பத்தில் எட்டு முறை சரியாக அமைந்தபின் வீச்சை நீட்டலாம். தம் கைகளின் அசைவைக் கவனித்த புதியவர்களைவிட, மட்டையின் அசைவைக் கவனித்தவர்கள் நன்கு கற்றனர் என்று காப்ரியேலே வுல்ப் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1999இல் கோல்ப் ஆட்டத்திலேயே கண்டறிந்தனர். ஆதலால் "முழங்கையை ஒட்டி வை" என்பதினும் "பெட்டியைத் தொடாமல் வீசு" என்பது சிறந்த கட்டளை. ஒவ்வோர் அடிக்கும் கருத்துக் கூறுவதும் நன்றன்று. மாணவர் தாமே கண்டறிய இடம் தருதல் வேண்டும். ஒரே அடியைத் தொடர்ந்து ஐம்பது முறை அடிப்பதைவிட, தூரத்தையும் மட்டையையும் மாற்றி மாற்றி அடித்தால் கற்றது நெடுநாள் நிலைக்கும்.

போட்டியிலோ பிறர் பார்க்கும்போதோ பழைய வீச்சு மீண்டும் தலைகாட்டக்கூடும். அது தோல்வியன்று. குறுகிய வீச்சுக்குத் திரும்பி மறுபடியும் தொடங்குதலே அதற்கு மருந்து.

கோல்ப் செல்வருக்கே உரிய ஆட்டம் எனக் கருதப்படினும், 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற அலி ஷேரும், 2009இல் அதனை வென்ற பெங்களூரு சி. முனியப்பாவும் பிறருடைய பைகளைச் சுமக்கும் பணியிலிருந்து முன்னேறியவர்கள். விலையுயர்ந்த கருவிகள் எட்டாத மாணவருக்கும் சுண்ணக்கட்டித் தூள், மணற்கோடு, அட்டைப்பெட்டி ஆகிய மூன்றும் எட்டும். எழுதுகோல் பிடிக்கும் சிறுவனுக்கும், மண்வெட்டி பிடிக்கும் உழவனுக்கும் பொருந்துவது இம்முறையே. பிழையைச் சுட்டிக்காட்டுவதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை. அப்பிழை எந்தத் தொல்லைக்குப் பரிகாரமாகத் தொடங்கியது என்று கண்டு, அதனினும் நல்ல பரிகாரத்தைக் கையில் கொடுப்பதே அவர் கடமையாகும்.